யார் சொல்லி எடுத்த படம்?

"யாருடி இவங்கல்லாம்? ஒரு பூ கூடப் போடாம வச்சிருக்க!"

அடிஸ் அபாபாவில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டின் ஹாலை வீடியோ காலில் பார்த்த அம்மா கேட்டது இது. சுவரில் வரிசையாகப் பழைய காலத்து முகங்கள். ஒருவர் தலையில் கிரீடம், இன்னொருவர் தோளில் சிங்கத்தோல். நம் வீடுகளில் சட்டம் போட்டு மாட்டிய முகம் என்றால் ஒன்று சாமி, இல்லையென்றால் போய்ச் சேர்ந்தவர். "எத்தியோப்பியா ராஜா ராணிம்மா, நமக்கு உறவு இல்ல" என்றேன். "உறவு இல்லாதவங்களை எதுக்குடி மாட்டி வச்சிருக்க?" என்றார். நியாயமான கேள்விதான். நீளமாகப் பதில் சொல்கிறேன், கேளுங்கள்.

இங்கே வேலைக்கு வந்த நாளிலிருந்து இவர்கள் பெயரை வாயால் சொல்லாமல் ஒரு நாள் போவதில்லை. டாக்ஸிக்காரரிடம் "ராஸ் மகொனன் பாலம்" என்கிறோம். "ஹப்தே கியோர்கிஸ் பாலத்துக்குக் கீழே இறக்கிவிடுங்கள்" என்கிறோம். நண்பர்கள் வந்தால் தாய்த்து ஹோட்டலில் சாப்பாடு. மெனிலிக் சதுக்கத்தில் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு திட்டுகிறோம். இத்தனை பேரையும் பெயராக மட்டும் தெரிந்துவைத்திருப்பது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அதோடு, வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே குடியிருப்பவர்கள் வீட்டில் எல்லாம் சர்ச்சில் சாலைக் கடைகளில் வாங்கிய அதே ஆட்டுத்தோல் ஓவியம், அதே வெள்ளிச் சிலுவை. எனக்கு வேறு ஏதாவது வேண்டும்.

செலவு பெரிதில்லை. 19ஆம் நூற்றாண்டுப் படங்களுக்குப் பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகம், லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் போன்ற இடங்கள் நல்ல தெளிவுள்ள கோப்புகளை இலவசமாகவே தருகின்றன. விடுமுறையில் சென்னை போனபோது பருத்திக் காகிதத்தில் அச்சிட்டு, குழாயில் சுருட்டி எடுத்து வந்தேன். சட்டம் இங்கே போட்டது. வன்சா என்று ஒரு மரம் இருக்கிறது, எத்தியோப்பியாவின் மேசை நாற்காலி எல்லாம் பெரும்பாலும் அதில்தான். வார்னிஷ் பளபளப்பு இல்லாமல் மெழுகு மட்டும் தேய்த்துத் தரச் சொன்னால் பழுப்புப் படத்துக்கு அவ்வளவு பொருத்தமாக இருக்கும்.

எந்தப் படம், எது வேண்டாம் என்பதில்தான் தலை சுற்றியது. கிடைப்பது அவ்வளவு. அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் எல்லாமே அழகு. அதனால் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டேன்: இந்தப் படத்தை யார் சொல்லி எடுத்தார்கள்? உட்கார்ந்திருப்பவர் சொன்னதை எதிரே நின்றவர் கேட்டாரா, இல்லை எதிரே நின்றவர் சொன்னபடி இவர் உட்கார்ந்தாரா? இந்த ஒரு கேள்வியில் பாதிப் படங்கள் கழிந்துவிட்டன. மிச்சப் படங்களுக்கு எந்தச் சுவர் என்பதும் அதிலேயே முடிவாகிவிட்டது.

முதல் சுவர் மெனிலிக்குக்கும் அவர் மனைவி தாய்த்துவுக்கும். இரண்டாம் மெனிலிக் 1889 முதல் 1913 வரை பேரரசர். 1896 மார்ச் 1 அன்று அட்வாவில் இத்தாலியப் படையை முறியடித்தவர். அதற்கு முன் ஐரோப்பாவில் இவர் முகத்தை யாரும் பெரிதாகத் தேடவில்லை. அட்வாவுக்குப் பிறகு பத்திரிகைகளுக்கு அவசரம் வந்துவிட்டது. லண்டன் 'வேனிட்டி ஃபேர்' பத்திரிகை அப்போது வாராவாரம் ஒரு பிரமுகரை வண்ணக் கல்லச்சில் கேலிச்சித்திரமாகப் போடும். 1897 ஜூலையில் மெனிலிக்கின் முறை வந்தது. எத்தியோப்பியாவின் பழைய பெயரான 'அபிசீனியா' என்ற ஒற்றைச் சொல்தான் தலைப்பு. பழம்பொருள் கடைகளில் இன்றும் கிடைக்கிற அச்சு அது, வீட்டு அலங்காரத்துக்கு நிறையப் பேர் வாங்குவதும் அதைத்தான். நான் வாங்கவில்லை. வரைந்த கை நல்ல கைதான். ஆனால் தோற்றவர்களின் கூட்டாளிகள் ஜெயித்தவரை எப்படிப் பார்க்க ஆசைப்பட்டார்கள் என்பதைத்தான் அது காட்டுகிறது.

என் சுவரில் இருப்பது அவரே உட்கார்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம். கிரீடம், கனத்த அங்கி, நேர்ப் பார்வை. மெனிலிக்குக்குப் புதிய கருவிகள் என்றால் உயிர். தொலைபேசி, ரயில் எல்லாம் இந்த நாட்டுக்குள் நுழைந்தது அவர் காலத்தில்தான். கேமராவுக்கு முன்னால் எப்படி உட்கார்ந்தால் ஐரோப்பாவில் என்ன நினைப்பார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. பிறகு அரண்மனைக்கென்றே போயாஜியான் என்ற ஆர்மேனியக் குடும்பம் புகைப்படக்காரர்களாக வந்தது. அப்பா பெத்ரோஸ், அவருக்குப் பின் பிள்ளைகள். இந்த நாட்டு ராஜ குடும்பத்தின் முகம் நமக்குத் தெரிவதில் அவர்கள் பங்கு பெரியது.

தாய்த்துவைப் பக்கத்தில் மாட்டினேன், கீழே இல்லை. சட்டம் இரண்டும் ஒரே அளவு. இத்தாலியோடு 1889இல் போட்ட உச்சாலி ஒப்பந்தத்தின் 17ஆவது பிரிவு எத்தியோப்பியாவை இத்தாலியின் கைக்குள் வைக்கிறது என்று தெரிந்ததும் விட்டுக்கொடுக்கவே கூடாது என்று பிடிவாதமாக நின்றவர் இந்த அம்மாள். மெக்கெலே கோட்டைக்குள் இத்தாலியர்கள் ஒடுங்கிக்கொண்டபோது, சண்டை எதற்கு, தண்ணீரை மறித்தால் போதும் என்று யோசனை சொன்னதும் அவர்தான் என்பார்கள். கோட்டை சரணடைந்தது. படத்தில் பார்த்தால் அசைக்க முடியாத ஒரு கனம். சிரிப்பு கிடையாது. சிரிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

உடையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் படங்களைப் பற்றிப் பேச முடியாது. கருப்பு வெள்ளையில் வெறும் துணியாகத் தெரிவதில் பாதி, பதவி. தோளில் போர்த்தியிருக்கும் மேலங்கிக்கு லெம்த் என்று பெயர். சிங்கம், சிறுத்தைத் தோலில் இருக்கும், அல்லது வெல்வெட்டில் தங்கச் சரிகை போட்டிருக்கும். கீழ் ஓரம் நீள நீளமான நாக்குகளாகத் தொங்கும். விலங்கின் கால்கள் தொங்கின இடத்தைத் தையற்காரர் வெல்வெட்டில் கொண்டுவந்திருக்கிறார். இதைக் கடையில் வாங்கிப் போட முடியாது, மேலே இருப்பவர் தகுதி பார்த்துக் கொடுக்க வேண்டும். தலையைச் சுற்றிச் சிங்கப் பிடரி நின்றால் அவர் வீரம் காட்டியவர். கேடயத்தில் வெள்ளித் தகடு எவ்வளவு இருக்கிறது என்பதும் கணக்கு. ஷம்மா என்கிற வெள்ளைப் பருத்திப் போர்வையையும் கவனியுங்கள். ஒரே துணிதான். யார் முன்னால் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து அதைச் சுற்றும் விதம் மாறும். சில பிரபுக்கள் அதை மூக்கு வரை இழுத்து வாயை மூடியிருப்பார்கள். முதலில் பார்க்கிறவர்கள் குளிர் என்று நினைப்பார்கள். குளிர் இல்லை, அந்தஸ்து.

ராஸ் மகொனன் படத்தில் இது எல்லாம் ஒன்றாகவே இருக்கிறது. ஹரார் நகரின் ஆளுநர், பின்னாளில் பேரரசர் ஹெய்லி செலாசியாக முடிசூடியவரின் தந்தை. 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு எத்தியோப்பியாவின் சார்பில் லண்டன் போனவர். ஐரோப்பிய அரசவைகளைப் பார்த்த மனிதர், கேமரா முன் மேல்நாட்டுக் கோட்டில் நிற்காமல் தன் விழா உடையில் நிற்கிறார். சாப்பாட்டு மேசைக்கு எதிரே அவர். சாப்பிடும்போது நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறது.

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. எத்தியோப்பியத் திருச்சபை ஓவியத்தில் ஒரு மரபு உண்டு. நல்லவர்களை இரண்டு கண்ணும் தெரியும்படி வரைவார்கள். கெட்டவர்களுக்குப் பக்கவாட்டு முகம், ஒற்றைக் கண். அட்வாப் போர் ஓவியங்களைப் பார்த்தால் எத்தியோப்பியப் படை நம்மைப் பார்க்கும், இத்தாலியப் படை ஒற்றைக் கண்ணோடு பக்கவாட்டில் நிற்கும். மேலே வெள்ளைக் குதிரையில் புனித ஜார்ஜ். ஆனால் மெனிலிக் 1890களில் பாரிஸில் வெள்ளி நாணயம் அடிக்கக் கொடுத்தபோது ஐரோப்பிய நாணய வழக்கப்படி பக்கவாட்டு முகத்தோடு வந்தது. ஒற்றைக் கண் மன்னர்! அதைப் பெரிதுபடுத்தி அச்சிட்டு மாட்டலாம் என்று ஆசை. எங்கள் வீட்டுக்கார அம்மா நாணயப் படத்தைப் பார்த்து ஒரு தினுசாக முகம் சுளித்ததில் விட்டுவிட்டேன்.

அசல் அச்சு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பூதக்கண்ணாடி இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள். மர அச்சு என்றால் கோடுகள் மட்டும்தான் இருக்கும், புள்ளி இருக்காது. அந்தக் காலத்தில் பெரிய படத்துக்குப் பல சிறு மரக்கட்டைகளைச் சேர்த்து முடுக்கி, ஆளுக்கொன்றாகச் செதுக்குவார்கள். 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' பக்கங்களில் சில சமயம் அந்த இணைப்பு மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரியும். பழைய பக்கம்தான் என்று நம்ப அது ஒரு நல்ல அடையாளம். கல்லச்சில் க்ரேயான் மாதிரி ஒரு சொரசொரப்பு. ஒழுங்கான வரிசையில் புள்ளி புள்ளியாக இருந்தால் அது பிற்காலத்து மறு அச்சு, விலையைக் குறைத்துக் கேளுங்கள். வெயில் இன்னொரு விஷயம். அடிஸ் அபாபா 2,300 மீட்டருக்கு மேலே இருக்கிறது. குளிராக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது, வெயிலின் புற ஊதாக் கதிர் கடுமை. ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில் எதையும் மாட்டாதீர்கள். காபிச் சடங்குக்கு வீட்டுக்குள் சாம்பிராணி போடுகிறவர்கள் கண்ணாடி இல்லாமல் படம் வைக்கவே வேண்டாம்.

இனி உள்சுவர். ஹாலிலிருந்து படுக்கையறைக்குப் போகிற குறுகலான நடை. அங்கே இரண்டே படம்.

ஒன்று ஏழு வயதுச் சிறுவன் அலெமாயெஹு. பேரரசர் இரண்டாம் டெவோட்ரோஸின் மகன். பிரிட்டிஷ் தூதரையும் மற்ற ஐரோப்பியர்களையும் டெவோட்ரோஸ் சிறைவைத்தார் என்று 1868இல் பம்பாயிலிருந்து ராபர்ட் நேப்பியர் தலைமையில் படை வந்தது. பீரங்கி சுமக்க இந்தியாவிலிருந்து 44 யானைகள். மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவும் அதில் இருந்தது. 'அபிசீனியா' இன்றும் அவர்களுடைய போர்ச் சிறப்புகளில் ஒன்று. நம்மூர்க்காரர்கள் இந்த நாட்டு மலை ஏறியிருக்கிறார்கள், சந்தோஷப்படுகிற மாதிரியான வேலைக்கு இல்லை. ஏப்ரல் 13 அன்று மக்தலா கோட்டை விழுந்தது, டெவோட்ரோஸ் தன்னையே சுட்டுக்கொண்டார். கோட்டைக் கொள்ளையோடு பையனையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். கடற்கரைக்குப் போகிற வழியிலேயே அம்மாவும் இறந்துபோனார்.

இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் தீவில் அவனைக் கேமராவுக்கு முன்னால் உட்காரவைத்தவர் ஜூலியா மார்கரெட் கேமரன். அந்த நூற்றாண்டின் பெரிய புகைப்படக் கலைஞர்களில் ஒருவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பையனைப் பார்த்துக்கொண்ட கேப்டன் ஸ்பீடி, மீரட்டில் பிறந்த ஆறரை அடி ஆள், தானும் எத்தியோப்பிய உடை போட்டுக்கொண்டு சேர்ந்து நின்ற படங்களும் உண்டு. அவை எனக்கு வேண்டாம். பையன் மட்டும் இருப்பதை எடுத்துக்கொண்டேன். அவன் போட்டிருப்பது சொந்த நாட்டு உடைதான், ஆனால் அது இப்போது வேஷம். போடச் சொன்னவர்கள் வேறு. என் கேள்விப்படி பார்த்தால் இந்தப் படம் கழிய வேண்டியது. கழிக்க மனம் வரவில்லை. ஹாலில் வந்தவர்கள் டீ குடித்துக்கொண்டே பார்க்கிற இடத்தில் வைக்கவும் மனம் வரவில்லை. அதனால்தான் நடை.

அவன் பிறகு ரக்பி பள்ளியில் படித்தான், சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரிக்குப் போனான், 1879 நவம்பரில் லீட்ஸில் நோயில் இறந்தான். 18 வயது. விண்ட்சரில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் அடக்கம். உடலைத் திருப்பித் தரும்படி எத்தியோப்பிய அரசு 2007இல் கேட்டது. 2023இல் குடும்ப வழியினரும் கேட்டார்கள். மற்றவர்களின் எச்சங்களைக் கலைக்காமல் எடுக்க முடியாது என்று பக்கிங்ஹாம் அரண்மனை மறுத்துவிட்டது.

கேமரனும் அதே 1879இல்தான் இறந்தார், ஜனவரியில், இலங்கையில். கல்கத்தாவில் பிறந்தவர், 1875இல் கணவரோடு இலங்கைக்குக் குடிபோனவர். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. களுத்துறையில் தன் கேமராவை வைத்துக்கொண்டு அங்கே வேலை பார்த்தவர்களைப் படம் எடுத்திருக்கிறார், அவர்களில் தமிழர்களும் உண்டு. அந்தப் படங்களைத் தேடிப் பார்த்தேன். அலெமாயெஹுவின் படத்துக்குக் கீழே பெயரும் பட்டமும் தகப்பன் பெயரும் எழுதியிருக்கிறது. களுத்துறைப் படங்களில் பெரும்பாலும் பெயரே இல்லை. பிடித்துவரப்பட்ட பையனாக இருந்தாலும் இளவரசனுக்குப் பெயர் உண்டு. நம் பெண்ணுக்கு 'ஒரு பெண்', அவ்வளவுதான். அந்த நடையில் ஒரு ஆணி அடித்து வைத்திருக்கிறேன், களுத்துறைப் படம் ஒன்று அச்சுக்குப் போயிருக்கிறது. எத்தியோப்பியப் பிரபுக்கள் சுவரில் அவள் எப்படி வருவாள் என்று கேட்காதீர்கள். ஒரே கேமராக்காரி.

நடையின் இரண்டாவது படம் தெஜாஸ்மாச் என்ற பட்டம் தாங்கிய ஊபே. 1830, 40களில் செமியென் மலைகளையும் திக்ராயையும் ஆண்டவர். பிரெஞ்சுக்காரர் லெஃபெவ்ரின் பயணத் தொகுப்பு மூலம் ஐரோப்பாவுக்கு அறிமுகமானவர். பேரரசராக முடிசூடுவதற்கென்றே தெராஸ்கேயில் ஒரு தேவாலயம் கட்டிவைத்தார். 1855இல் டெவோட்ரோஸ் அவரைத் தோற்கடித்து, அதே தேவாலயத்தில் தான் முடிசூடிக்கொண்டார். பிறகு ஊபேயின் மகளை மணந்தார். அந்த மகள்தான் அலெமாயெஹுவின் தாய். ஆக, நடையில் எதிரெதிரே இருப்பது தாத்தாவும் பேரனும். உயிரோடு இருந்தபோது இவர்கள் எவ்வளவு நேரம் ஒன்றாக இருந்தார்களோ, இங்கே இருக்கட்டும்.

அப்படியானால் டெவோட்ரோஸ் எங்கே என்று இங்கே எல்லாரும் கேட்கிறார்கள். டீ-சர்ட்டிலும் பேருந்துக் கண்ணாடியிலும் சடைமுடியோடு இருக்கிற அந்த முகம் ஓவியர்களின் கற்பனை. உயிரோடு எடுத்த புகைப்படம் என்று எதுவும் அறியப்படவில்லை. பிரிட்டிஷ்காரர்கள் பார்த்து வரைந்தது அவர் இறந்த பிறகு, படுத்த நிலையில். அப்படி வரைந்த ஒருவரின் குடும்பத்திடமிருந்து டெவோட்ரோஸின் தலைமுடிக் கொத்தும் லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 2019இல்தான் அதை எத்தியோப்பியாவுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். யார் சொல்லி எடுத்த படம் என்ற கேள்விக்கு இதைவிட மோசமான பதில் இருக்க முடியாது. அந்த ஓவியம் என் வீட்டுக்குள் வராது.

இவ்வளவு ஒழுங்காக எல்லாம் யோசித்து மாட்டிவிட்டேன் என்று நான் இருந்தபோது, என்னோடு வேலை பார்க்கும் ஒரோமோ இனத்து நண்பர் வீட்டுக்கு வந்தார். மெனிலிக்கின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "நல்ல பிரிண்ட்" என்றார். பிறகு அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். காபி முடிகிறவரை நாற்காலியைத் திருப்பவில்லை.

அட்வா இந்த நாட்டின் பெருமை என்றால், மெனிலிக்கின் தெற்குப் படையெடுப்புகள் ஒரோமோக்களின் காயம். அர்சியில் ஆனோலே என்ற இடத்தில் அதற்கு ஒரு நினைவுச் சின்னமே இருக்கிறது, வெட்டப்பட்ட மார்பைத் தாங்கிய கை. அடிமை வியாபாரமும் இந்தச் சரிகை அங்கிகளின் காலத்தில்தான் நடந்தது. மெனிலிக்கின் சிலையை 1936இல் இத்தாலியர்கள் அகற்றினார்கள், அவர்கள் போன பிறகு திரும்ப வைத்தார்கள். 2020இல் ஒரோமோப் பாடகர் ஹச்சாலு ஹுண்டெசா கொல்லப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பில் ஹராரில் ராஸ் மகொனன் சிலையைத் தள்ளிவிட்டார்கள். அதே நாட்களில் லண்டனின் விம்பிள்டன் பகுதிப் பூங்கா ஒன்றில் ஹெய்லி செலாசியின் மார்பளவுச் சிலையும் உடைந்தது. இந்தச் செய்திகளை எல்லாம் படித்தவள்தான் நான். என் ஹாலில் ஒருவர் முதுகைத் திருப்பி உட்கார்ந்தபோதுதான் அவை உறைத்தன. என் கேள்வியில் உட்கார்ந்தவரும் எடுத்தவரும் இருந்தார்கள், படத்துக்கே வராதவர்கள் இல்லை.

கழற்றவில்லை. ஆனால் ஹாலின் நடுச் சுவரிலிருந்து மெனிலிக்கும் தாய்த்துவும் இப்போது என் படிப்பு மேசைக்கு மேலே போயிருக்கிறார்கள். அங்கே பார்க்க வேண்டியவள் நான்தான், வருகிறவர்கள் இல்லை. ஹாலில் அந்த இடத்துக்கு ஹென்றி சால்ட் 1809இல் வெளியிட்ட 24 காட்சிகளிலிருந்து இரண்டைப் பக்கம் பக்கமாக மாட்டினேன். அக்சும் நகரத்து ஒற்றைக்கல் தூண் ஒன்று. ராமேஸ்வரம் கோயில் மற்றொன்று. ஒரே பயணத்தில் ஒரே மனிதர் இரண்டையும் வரைந்திருக்கிறார். அம்மாவுக்கு இப்போது ஹால் பிடித்துவிட்டது, ராமேஸ்வரத்துக்கு மட்டும் ஒரு பூ வைக்கச் சொல்கிறார்.

மிச்சம் இருப்பது ஹெய்லி செலாசி பஞ்சாயத்து. என் கணவருக்கு 1930 நவம்பர் முடிசூட்டு விழாப் படம் வேண்டும். நண்பருக்கு அந்தப் பெயரே ஆகாது. வீட்டுக்கார அம்மா வரும்போதெல்லாம் "ஜான்ஹோய் எங்கே?" என்கிறார், பேரரசரைத்தான் அப்படிச் சொல்கிறார். 1974இல் பேரரசரை இறக்கியபோது அவருடைய அப்பா வீட்டிலிருந்த படத்தைக் கழற்றி, கண்ணாடியை மட்டும் விற்றுவிட்டு, படத்தை மாவுப் பானைக்கு அடியில் மடித்து வைத்தாராம். மடிப்போடு இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் தருகிறேன், மாட்டு என்கிறார். அடுத்த மாதம் வாடகை கொடுக்கப் போகும்போது பதில் சொல்ல வேண்டும்.